இரண்டாவது டம்ளர்

தம்பி,

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? பிடிக்காத பேச்சு வந்தால் "பா, லைன் சரியில்ல, அப்புறம் கூப்புடுறேன்" என்று வைத்துவிடுவாய். வாட்சாப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வரும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். முப்பது வருஷம் ஃபாக்டரி பஸ் ஓட்டிய கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். உன் அம்மா ஹாலில் உட்கார்ந்து டிவி பார்க்கிறாள். நான் ஏதோ அரசாங்கப் பாரம் நிரப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நினைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஜோகூரிலிருந்து கூப்பிட்டபோது போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். "பா, மாலினி அடுத்த மாசம் ஈப்போ வந்துரும், டெலிவரி அங்கயே. நான் வந்து புள்ளயப் பாத்துட்டு மூனாம் நாள் கெளம்பிருவேன். முப்பதாம் நாள் சடங்கு கழிக்கிறப்ப திரும்ப வாரேன். நான் அங்க இருந்து என்ன செய்யப்போறேன், அதெல்லாம் பொம்பளைங்க வேல லா" என்றாய். சரி, இந்தக் காலத்துப் பிள்ளையும் இப்படித்தான் பேசுகிறான் என்று எனக்குள் முனகிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா ஒன்னுப்பா, மாலினியும் அம்மா மாதிரி திருட்டுத் தண்ணி குடிச்சு ஜன்னிய வர வச்சுக்காமப் பாத்துக்குங்க!" என்று சொல்லிச் சிரித்தாய். உன் பக்கத்திலிருந்து மாலினியும் சிரித்தது கேட்டது. முட்டி ஆபரேஷன் செய்த காலைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் நீட்டிக்கொண்டிருந்த உன் அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். நான் மட்டும் எழுந்து வெளியே போய், காலையிலேயே தண்ணீர் ஊற்றிய செடிகளுக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலினி தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, அங்க வந்தா எனக்குத் தண்ணி குடிக்கக் குடுப்பீங்கல்ல?" விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் பயமும் இருந்தது அந்தக் குரலில். தாய் இல்லாத பெண். காம்பாரில் அவள் அண்ணன் வீடு இருக்கிறது, அண்ணிக்கே கைக்குழந்தை. நம் வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. அவள் இப்படிக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை.

ஆகவே முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மாலினியோடு நீயும் வரவேண்டும். முப்பது நாளும் இங்கே இருக்கவேண்டும். லீவு இல்லை என்று கதை விடாதே. கூட்டாளிகளோடு தாய்லாந்து ஹாட்யாய்க்கு மோட்டார் சைக்கிளில் போக லீவு சேர்த்து வைத்திருக்கிறாய் என்று நீயேதான் தீபாவளிக்கு வந்தபோது பீற்றிக்கொண்டாய். அந்த லீவை இதற்கு எடு. போதாவிட்டால் சம்பளமில்லா லீவு கேள். மூன்றாம் நாள் பையைத் தூக்கினாய் என்றால் உன் மோட்டார் சாவி காணாமல் போகும், எடுத்தவன் நானாக இருப்பேன். மலையே சரிந்தாலும் இதில் நான் இறங்கி வரப்போவதில்லை.

இனி காரணத்தைக் கேள். நீ பிறந்தபோது நாங்கள் கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தோம். நீ பார்த்திருக்க மாட்டாய், உனக்கு நினைவு தெரிவதற்குள் ரப்பர்ப் பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டுவிட்டார்கள். நான் அங்கே டிராக்டர் ஓட்டினேன். டவுன் ஆஸ்பத்திரியில் நீ பிறந்து, மறுநாள் இருவரையும் லயத்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். என் அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். உன் அம்மாவின் அம்மாவுக்குக் கண் தெரியாது. அதனால் பாகான் டத்தோவிலிருந்து உன் பெரிய அத்தை, என் அக்கா, ஒரு பை நிறைய மருந்துச் சாமானோடு வந்து இறங்கினார்.

அக்காவைப் பற்றித் தப்பாக நினைக்காதே. தன் வீட்டையும் நாலு பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்து, என் பெண்டாட்டிக்காக இடுப்பொடிய வேலை செய்தவர். விடிவதற்குள் அடுப்பு மூட்டி, புளிய இலையும் நொச்சியும் போட்டுப் பெரிய டின்னில் தண்ணீர் காய வைப்பார். உன் அம்மாவுக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, அந்தத் தண்ணீரை இடுப்பில் விசிறி விசிறி ஊற்றுவார். பழைய சேலையைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டுவார். சுக்கு, மிளகு, ஓமம், திப்பிலி எல்லாம் இடித்துக் கருப்பட்டியில் கிளறி, நல்லெண்ணெய் விட்டு உருட்டி, காலையில் ஒரு உருண்டை. மத்தியானம் பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு. அந்த வாசனைக்கு லயத்துப் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்கும். அந்தக் கவனிப்பில் பாதி இருந்தால்கூட எந்தப் பிள்ளை பெற்ற பெண்ணும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இரண்டு சட்டம் போட்டார். ஒன்று, பதினாறு நாள் தீட்டு, ஆம்பளை அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது. இன்னொன்று, பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கூடாது. "பச்ச ஒடம்பு, தண்ணி குடிச்சா வயிறு பெருத்துரும், ஜன்னி கண்டுரும்" என்பார். காலையில் மருந்து தின்றதும் அரை டம்ளர் வெந்நீர், சாயந்திரம் அரை டம்ளர், அவ்வளவுதான். அவருக்கு அவர் மாமியார் செய்தது அது. தோட்டத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, நானும் கேள்வி கேட்கவில்லை. கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய அறை, உள்ளே கரி அடுப்பு, காரமான மருந்து, பால் குடிக்கிற பிள்ளை, ஒரு நாளைக்கு ஒரே ஒரு டம்ளர் தண்ணீர். யோசித்துப் பார்.

அந்த அறைக்குப் பின்பக்கமாக ஒரு பலகை ஜன்னல் உண்டு, வாழைமரத்துப் பக்கம். மத்தியானம் சாப்பிட வரும்போது அந்த ஜன்னலைக் கொஞ்சம் நீக்கி உன்னைப் பார்ப்பேன். இரண்டாம் நாளே உன் அம்மா கேட்டாள். "ஏங்க, ஒரு வாய் தண்ணி குடுங்க. நாக்கு ஒட்டிக்குது." "அக்கா சொல்றதக் கேளு, முப்பது நாள்தானே" என்றேன். வேலையிலிருந்து வந்து அப்போதுதான் ஒரு ஜாடி வரக்கோப்பி குடித்திருந்தேன். மூன்றாம் நாளும் கேட்டாள். நாலாம் நாள் கேட்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம் அக்கா துணி அலசப் பைப்படிக்குப் போயிருந்தார். நான் கெட்டிலில் இருந்த ஆறின தண்ணீரை ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனேன்.

டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். மூச்சுவிடாமல் குடித்தாள், தாடையெல்லாம் வழிந்தது. குடித்துவிட்டு உடனே டம்ளரை என்னிடம் நீட்டி "இன்னொன்னுங்க" என்றாள். அந்த நேரம் பார்த்து முன்பக்கம் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. "அப்பறமாத் தாரேன்" என்று சொல்லிவிட்டு, டம்ளரைக்கூட வாங்காமல், கோழித் திருடன் மாதிரி வாழைக்குப் பின்னால் நழுவினேன். என்ன வீரம் பார் உன் அப்பனுக்கு.

மறுநாள் காலையில் அவளுக்குக் காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அக்கா ஜன்னல் ஓரத்தில் அந்த டம்ளரைப் பார்த்துவிட்டார். வாசல் வரைக்கும் வந்து என் முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு "யாருடா இவளுக்குத் தண்ணி குடுத்தது?" என்றார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்தவன் மாதிரி நின்றேன். அக்காவிடம் பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், நான் கொடுத்த தண்ணீர்தான் அவளைக் கொல்லப்போகிறது என்று நானே நம்பினேன். அப்போது உள்ளேயிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது. "யாரும் குடுக்கல அண்ணி. நானேதான் எந்திரிச்சுப் போயி எடுத்துக் குடிச்சேன்."

அக்கா அவளை ஏசிய ஏச்சை இந்தக் காகிதத்தில் எழுத மாட்டேன். கெட்டிலை எடுத்துக்கொண்டுபோய் முன்வாசலில் வைத்தார். நான் அந்த ஜன்னல் பக்கம் போவதையே விட்டேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, நாலு நாள். ஒன்பதாம் நாள் அவள் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாள், உன்னைப் பார்த்து இது யார் பிள்ளை என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்து, தோட்ட ஆபீஸ் கிராணியின் வேனைக் கெஞ்சி வாங்கி, டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அங்கே ஒரு டாக்டர் அம்மா, சின்ன வயசு, என்னைப் பார்த்து முதலில் கேட்ட கேள்வி: "இந்தப் பொண்ணுக்கு நீங்க தண்ணியே குடுக்கலயா?" உள்ளே புண்ணாகி கிருமி ஏறியிருக்கிறது, அதுதான் காய்ச்சல் என்றார். தண்ணீர் இல்லாமல் உடம்பு வற்றிக் கிடந்ததால் அதைத் தாங்க முடியவில்லை, காய்ச்சல் கண்ட அன்றே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். நான் கொடுத்த ஒரு டம்ளர் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை தம்பி. அதற்குப் பிறகு நான் கொடுக்காமல் போனதுதான் கெடுதல். இரண்டு வாரம் கிடந்து எழுந்தாள். பால் நின்றுபோய்விட்டது, நீ டின் மாவுப் பாலில் வளர்ந்தாய். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே தெரியும்.

டாக்டர் சொன்னதையாவது வீட்டில் வந்து சொன்னேனா? சொல்லவில்லை. சொன்னால் டம்ளர் கதை வெளியே வரும். அக்கா அதற்குள் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார், 'திருட்டுத் தண்ணி குடிச்சு ஜன்னிய இழுத்துக்கிட்டவ' என்று. அந்தப் பேர் தோட்டத்தோடு நிற்கவில்லை. ஈப்போவுக்குக் குடிவந்தோம், அதுவும் கூடவே வந்தது. கல்யாண வீட்டில், பிரசவம் பார்க்கப்போன வீட்டில், யாராவது ஒருத்தர் சொல்லிச் சிரிப்பார்கள். வாய்க்கட்டு இல்லாததால் பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமல் போனவள் என்பார்கள். நீ சின்ன வயதில் அதைக் கேட்டு வளர்ந்தாய், இப்போது நீயே சொல்லிச் சிரிக்கிறாய். உன்மேல் தப்பில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். முப்பத்து மூன்று வருஷமாக உன் அம்மா அந்தச் சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை அக்காவுக்குப் போன் போட்டேன். இப்போது அவருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, காதும் மந்தம். எல்லாவற்றையும் இரண்டு தரம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர்கூட எட்டிப்பார்த்தார். அக்கா டம்ளர் விஷயத்தை மட்டும் இன்னொரு தரம் கேட்டார். பிறகு, "அட பாவி. அந்தப் பொண்ண எத்தன பேச்சுப் பேசிட்டேன். போயி அவ கால்ல விழுடா" என்றார். பிறகு மெதுவாக, "நானும் தாகத்துலதான்டா கெடந்தேன், நாலு புள்ளைக்கும். அப்பிடித்தான் இருக்கணும்னு நெனச்சேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது நம் வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன். அம்மாவுக்கு நின்று சமைக்க முடியாது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போய் வருவதே பெரிது. அதனால் முப்பது நாளும் அடுப்படி என் பொறுப்பு. சிரிக்காதே. நாலு நாளாகப் பயிற்சி நடக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் சாமான் வாங்கி வந்து, அம்மா நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட, நான் கிளறினேன். முதல் தடவை பாகு முற்றிப்போய்க் கரண்டி சட்டியிலேயே நட்டுக்கொண்டு நின்றது. "இது மருந்தா, ரோட்டுக்குப் போடுற தாரா?" என்றாள். இரண்டாவது தடவை பரவாயில்லை. மூன்றாவது தடவை ஒரு உருண்டையை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள், "ம்ம், ஒங்கக்கா கைப் பக்குவம்" என்றாள். மாலினிக்குக் கொடுக்கும் முன் அந்தச் சாமான் பேரெல்லாம் எழுதி கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியிடம் காட்டிக் கேட்கச் சொல்லி அவளுக்கே வாட்சாப்பில் அனுப்பிவிட்டேன். மிஸ்ஸி வேண்டாம் என்று சொன்னதை எடுத்துவிடுவேன், அதில் எனக்கு மான அவமானம் இல்லை.

எண்ணெய் தேய்த்து இலைத் தண்ணீர் ஊற்ற, நம் தாமான் குடியிருப்பின் பின்வரிசையில் இருக்கிற ஒரு மலாய்க்காரப் பெரியம்மாவிடம் பேசியிருக்கிறேன். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வருவார். அறையில் கரி அடுப்பு இல்லை, சாம்பிராணிப் புகை இல்லை, ஜன்னல் திறந்திருக்கும். மற்றது உன் வேலை. ராத்திரி பிள்ளையை ஏப்பம் விட வைப்பது நீ. துணி மாற்றுவது நீ. அவள் தூங்கினால் வாசலில் நின்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது நீ, அது உன் சித்தப்பாவாக இருந்தாலும் சரி. முக்கியமாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது நீ. உடம்பு சுட்டாலோ, ரத்தம் அதிகமாகப் போனாலோ, காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தாலோ, அப்பாவைக் கேட்கவேண்டும் அத்தையைக் கேட்கவேண்டும் என்று நிற்காதே. காரை எடு. ஜன்னல் வழியாக எட்டிப்பார்க்கிறவனுக்கு இது ஒன்றும் தெரியாது, நான் எட்டிப்பார்த்தவன், சொல்கிறேன். தீட்டு கீட்டு என்று யாராவது வாயைத் திறந்தால் என்னிடம் அனுப்பு.

ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

அக்காவிடம் பேசி முடித்த அன்று சாயந்திரம், உன் அம்மாவுக்கு முட்டியில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். முப்பத்து மூன்று வருஷமாகக் கேட்காததை அப்போதுதான் கேட்டேன். "அன்னைக்கு ஏன் நீயே குடிச்சேன்னு சொன்ன? என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே?" டிவி சத்தத்தைக் குறைத்தாள். இதை இன்னும் யோசித்துக்கொண்டா இருக்கிறீர்கள் என்பது போல என்னைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை, சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"ஒங்களக் காட்டிக் குடுத்தா அண்ணி ஒங்களச் சன்னல் பக்கமே வர விட மாட்டாங்க. சொல்லாம இருந்தா நீங்க இன்னொரு டம்ளர் கொண்டாருவீங்கன்னு நெனச்சேன். அப்பறமாத் தாரேன்னு சொன்னீங்கல்ல? நாலு நாளும் அந்தச் சன்னலத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு "இன்னும் கொஞ்சம் மேல தேய்ங்க" என்று காலை நீட்டினாள்.

நேற்று பசாரில் மூடி போட்ட பெரிய ஜாடி ஒன்றும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றும் வாங்கிவந்து, மாலினி படுக்கப்போகிற கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் வைத்திருக்கிறேன். சோறு நான் ஆக்குவேன், மருந்து நான் கிளறுவேன். அந்த ஜாடியை மட்டும் நான் தொடமாட்டேன். வந்து நீ நிரப்பு.

உன் அப்பா